பழைய எஞ்சினும் புதிய கடனும்

ஒரு வள்ளத்தை வாங்குவதா, விடுவதா என்பது அவரவர் சொந்த விவகாரம் என்றே பலரும் கருதுவர். கையில் பணமிருந்தால் வாங்கலாம். பொருள் பழுதென்றால் விட்டுவிடலாம். இதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்பாரும் உளர். ஆனால், கடலை நம்பி வாழ்பவர்களுக்கு இது அத்துணை எளிய காரியமாக அமைவதில்லை. மணலில் இழுத்துப் போடப்பட்டிருக்கும் ஒரு பழைய வள்ளத்தின் விலைக்குள் எண்ணெயின் விலையும், ரூபாவின் மதிப்பும், மீன் விற்கும் உரிமையும், மீன் பிடிப்பவனின் ஆயுளும் சேர்ந்தே அடங்கியிருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கும் கட்டாயம் 2022 ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்தில் பள்ளிவாசல்துறையில் எங்களுக்கு நேர்ந்தது. ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் அதனால் பயனுண்டு என்று கருதியே இதனை எழுதுகின்றோம்.

கற்பிட்டிக் குடாநாட்டை அறியாத வாசகர்களுக்கு இரண்டொரு வார்த்தை கூறவேண்டும். வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் மணல் நிலம் அது. கிழக்கே புத்தளம் களப்பு, மேற்கே பெருங்கடல், இடையே தென்னந்தோப்புகளும், மிளகாயும் வெங்காயமும் விளையும் மணல் தோட்டங்களும். வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேல் பருவக்காற்று மேற்குக் கடலைக் கொந்தளிக்கச் செய்யும். சிறு வள்ளங்கள் அக்காலத்தில் வெளிக்கடலுக்குச் செல்வது அரிது. காற்று மாறிக் கடல் தணிந்தபின், ஏறத்தாழ சித்திரை வரைதான் வெளிக்கடல் எங்களுக்குத் திறந்திருக்கிறது. அந்த அரையாண்டில் உழைத்துத்தான் முழு ஆண்டும் உண்ண வேண்டும். ஆகவே, பருவம் தொடங்கும் தறுவாயில் வள்ளம் விலைக்கு வருகிறதென்றால் கரையில் யாருக்கும் உறக்கம் வருவதில்லை.

நாங்கள் ஐவர். இருவர் கடற்றொழிலாளர், ஒருவர் மிளகாய்த் தோட்டக்காரர், ஒருவர் கருவாடு போட்டு மூன்று பிள்ளைகளை வளர்க்கும் விதவைப் பெண், மற்றவர் பாடசாலை ஆசிரியர். நான்கு ஆண்டுகள் சீட்டுப் போட்டுச் சேர்த்த நான்கு இலட்சம் ரூபா எங்களிடம் இருந்தது. ஐவருக்கும் பொதுவாக ஒரு வள்ளம் வாங்குவது, எங்கள் கடற்றொழிலாளர் இருவரும் அதில் கூலிக்காரராக அல்லாமல் பங்காளிகளாகத் தொழிலுக்குச் செல்வது என்பதே திட்டம்.

அவ்விருவருள் மூத்தவரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். நாங்கள் அவரை நானா என்றே அழைப்போம். அவர் மன்னார்த் தீவைச் சேர்ந்தவர். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, மன்னார்த் தீவின் மக்கள் பலர் கடல்வழியாகவே கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினர். நானாவும் அவ்வாறு வந்தவர். ஏறி வந்தது பிறருடைய வள்ளம். தம்முடைய வள்ளமும் வலையும் அக்கரையிலேயே நின்றுவிட்டன. அன்று அவருக்கு வயது முப்பத்திரண்டு. நாங்கள் விலைபேச இறங்கியபோது அறுபத்து நான்கு. இடைப்பட்ட காலம் முழுவதும் அவர் பிறர் வள்ளங்களிலேயே தொழில் செய்தார்.

விற்க முன்வந்தவர் கரையில் மீன் வாங்கும் ஒரு முதலாளி. பதினெட்டடி நீளமுள்ள பைபர் வள்ளம்; அதன் பின்பலகையில் யப்பானில் செய்த நாற்பது குதிரைவலு எஞ்சின்; வலையும் சேர்த்து ஏழு இலட்சம் ரூபா என்றார். நான்கு இலட்சத்தைக் கொடுத்து வள்ளத்தை இறக்கிக்கொள்ளலாம், மிகுதி மூன்று இலட்சத்தைத் தொழில் செய்து தீர்க்கலாம், வட்டி ஒரு சதமும் வேண்டாம் என்றார். எஞ்சின் 'கொஞ்சம் சூடேறும்' என்பதையும் அவரே சொல்லிவிட்டார். எதையும் மறைத்தார் என்று அவர்மீது பழிசுமத்துவதற்கில்லை. டொல்பின் பார்க்க வரும் உல்லாசப் பயணிகளை ஏற்றுவதற்காக ஒரு விடுதிக்காரரும் அவ்வள்ளத்தைக் கேட்டிருப்பதால், பத்து நாட்களில் பதில் வேண்டும் என்பதும் அவர் சொன்னதே.

சிலாபத்திலிருந்து பருவகாலத்துக்கு வந்து எஞ்சின் திருத்தும் சிங்களத் தொழிலாளர் ஒருவர் இருக்கிறார். கரையில் எல்லோரும் அவரைப் 'பாஸ்' என்று அழைப்பர். நன்றாகத் தமிழ் பேசுவார். அவரை அழைத்து வந்து வள்ளத்தைக் காட்டினோம். அன்று பிற்பகல் முழுவதும் அவர் செய்த வேலை ஒரு நல்ல விஞ்ஞான பாடத்துக்கு ஈடானது.

எஞ்சினை முடுக்குவதற்கு முன்பே அதைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பின்பலகையைக் கவனித்தார். பைபர் வள்ளத்தின் பின்பலகை முழுவதும் கண்ணாடி நாரால் ஆனதன்று. நடுவே ஒட்டுப்பலகை வைத்து இருபுறமும் நாரைப் போர்த்தியிருப்பார்கள். எஞ்சினைப் பூட்டும் ஆணிகளின் துளை வழியாக நீர் கசிந்தால், வெளியே மினுக்கம் குறையாமலே உள்ளே பலகை உக்கிப்போகும். சுத்தியற் பிடியால் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை தட்டிக் கேட்டார். எங்கும் ஓசை மங்கவில்லை. பின்பலகையும் வள்ளத்தின் உடலும் உறுதி என்றார்.

அடுத்து எஞ்சினின் கீழ்ப்பகுதித் திருகாணியைக் கழற்றி, பல்லுச்சக்கரங்களுக்கு இடும் எண்ணெயை விரலில் எடுத்துக் காட்டினார். அது பால்தேநீர் நிறத்தில் இருந்தது. விசிறித் தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு தேய்ந்து கடல்நீர் உட்புகுந்தால்தான் எண்ணெய் அவ்வாறு கலங்கும். அடைப்பை மாற்றுவது பெருஞ்செலவல்ல. ஆனால் உப்புநீர் எத்தனை நாட்களாக உள்ளிருந்து பற்களைத் தின்றிருக்கிறது என்பதைக் கழற்றிப் பார்த்தாலன்றி அறியமுடியாது.

பின்பு வள்ளத்தை நீரில் இறக்கி எஞ்சினை முடுக்கினார். எங்கள் கரையில் இவ்வகை எஞ்சின்களைப் பெற்றோலில் முடுக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் நெடுங்காலம் மலிவாகக் கிடைத்ததே இதற்குக் காரணம். ஆனால் அது பெற்றோலைப்போல் முற்றாக எரிவதில்லை. கரி படிந்து பிஸ்டனின் வளையங்கள் ஒட்டிக்கொள்ளும். இத்தகைய எஞ்சினைக் குளிர வைப்பதும் கடல்நீரே. கீழேயுள்ள சிறு இறப்பர்ச் சக்கரம் ஒன்று நீரை உறிஞ்சி மேலே அனுப்பும். அந்நீர் எஞ்சினுள் ஓடிச் சூட்டை வாங்கிக்கொண்டு ஒரு துளை வழியே தாரையாக வெளியேறும். அந்தத் தாரையைப் பார்த்தே எஞ்சினின் உடல்நிலையைக் கூறிவிடலாம். எங்கள் கண்முன் இருந்த எஞ்சினின் தாரை கால்மணி நேரத்தில் நூலிழையாக மெலிந்து, பின் சொட்டத் தொடங்கியது. மூடியைத் திறந்தபோது தலைப்பகுதியில் கைவைக்க முடியவில்லை.

இறுதியாகப் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, இரண்டு சிலிண்டர்களிலும் அமுக்கமானியைப் பொருத்திக் கயிற்றை இழுத்தார். ஒன்றில் 115 இறாத்தல் காட்டியது, மற்றதில் 80. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கவேண்டும். பத்திலொரு பங்கு வேறுபாடென்றால் பொறுக்கலாம், இது அதற்கு மிக மேலே என்றார். பலவீனமான சிலிண்டரின் பிளக்கு நுனியில் அலுமினியத் துகள்கள் மினுங்கின. சூட்டினால் பிஸ்டன் அரிபடத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே சான்று.

"களப்புக்குள்ள ஓடலாம். கரை தெரியாத இடத்துக்கு இதக் கொண்டுபோக வேணாம்" என்று சொல்லி, தமக்குரிய கூலியை வாங்கிக்கொண்டு அவர் சென்றார்.

அச்சொற்களின் கனத்தைக் கரையிலுள்ளோர் நன்கறிவர். மேற்குக் கரையின் தொழிற்பருவம் வாடைக்காற்றின் பருவமும் ஆகும். வாடை தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவது. நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டால் வள்ளம் கரையில் வந்து ஒதுங்காது. விலகி விலகி மேற்கே போகும். முன்னோரின் தோணிகளில் பாய் இருந்தது. பிற்பகற் கடற்காற்றைப் பிடித்து வீடுதிரும்பும் கல்வியும் அவர்களிடம் இருந்தது. எஞ்சின் வந்தபின் பாய் போயிற்று. பாயோடு அக்கல்வியும் போயிற்று. இன்றைய பைபர் வள்ளத்தில் எஞ்சினே எல்லாம்.

எஞ்சினைத் திருத்தி எடுத்தால் என்ன என்று வாசகர் கேட்கலாம். எங்கள் இளைய தோழரும் அதைத்தான் கேட்டார். புதிய பிஸ்டன், வளையங்கள், அடைப்புகள், இறப்பர்ச் சக்கரம் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வருபவை. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் சில மாதங்களுக்குள் 360 ரூபாவை எட்டியது. டொலர் என்ற நாணயத்தைக் கையால் தொட்டிராத ஒரு மீனவன் வாங்கும் இறப்பர்ச் சக்கரத்தின் விலையை அந்த நாணயமே நிர்ணயித்தது. புதிய எஞ்சின் எட்டாக்கனி ஆகியதால் பழைய எஞ்சின்களுக்குக் கிராக்கி பிறந்தது. நல்ல காலத்தில் இரும்புக்கடைக்குப் போயிருக்க வேண்டியவையும் விலைக்கு வந்தன.

அடுத்தது மண்ணெண்ணெய். அந்த ஆண்டின் பெரும்பகுதி அதற்காக வரிசையில் நின்றே கழிந்தது. ஓகஸ்டில் அது தாராளமாகக் கிடைக்கும் என்ற பேச்சோடு அதன் விலை ஒரே இரவில் லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. இக்கரைக்கு இது முதல் அனுபவமும் அன்று. 2012 பெப்ரவரியில் 71 ரூபாவாயிருந்த லீற்றர் 106 ரூபாவானபோது சிலாபத்து மீனவர்கள் வீதிக்கு வந்தார்கள். பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் உயிரிழந்தார். மண்ணெண்ணெயின் விலையை நகரத்தார் விளக்கோடு சேர்த்து நினைப்பார்கள். கடற்கரையில் அது மீனின் விலை, கூலியின் அளவு, அடுப்பின் நெருப்பு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

பாஸ் சென்ற அன்றிரவு, கொப்பியும் பென்சிலுமாக அமர்ந்து கணக்குப் போட்டோம். மாணவ நண்பர்கள் பொறுமையோடு இதனைப் பின்தொடர வேண்டுகிறோம்.

முதலாளி வட்டி கேட்கவில்லை. மார்க்கம் வட்டியை விலக்கியிருக்கிறது. அதை அவர் மீறவுமில்லை. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்: மூன்று இலட்சமும் தீரும்வரை பிடிக்கும் மீன் முழுவதையும் அவருக்கே கொடுக்கவேண்டும், விலையையும் அவரே வைப்பார். கரையில் நாங்கள் விசாரித்தபோது, அவ்விலை சந்தையைவிடக் கிலோவுக்கு நூறு ரூபா குறைவு என்று தெரிந்தது. ஒரு நாளைக்கு முப்பது கிலோ மீன் என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு மூவாயிரம் ரூபா நட்டம். அரையாண்டுப் பருவத்தில் வெள்ளிக்கிழமைகளையும், காற்று மிகுந்த நாட்களையும், உடல்நலங் கெடும் நாட்களையும் கழித்தால் நூறு நாள் தொழில் எனலாம். நூறு நாளில் மூன்று இலட்சம். வட்டியில்லாத மூன்று இலட்சம் ரூபாக் கடனுக்கு ஒரே பருவத்தில் மூன்று இலட்சம் ரூபா விலைக்குறைப்பாகப் போய்விடுகிறது. முதல் அப்படியே நிற்கிறது.

இனி எஞ்சினின் பங்கைப் பார்ப்போம். நல்ல எஞ்சின் ஒரு நாள் தொழிலுக்கு நாற்பது லீற்றர் குடிக்குமென்றால், வளையம் தேய்ந்த எஞ்சின் ஐம்பது லீற்றராவது குடிக்கும் என்று பாஸ் கூறியிருந்தார். மேலதிகப் பத்து லீற்றருக்கு 3,400 ரூபா. ஜூலை மாதத்து விலையில் நாற்பது லீற்றருக்கும் ஆன செலவு 3,480 ரூபாதான்! அன்று முழுத் தொழிலுக்கும் போதுமாயிருந்த பணம், ஓகஸ்டுக்குப் பின் பழுதின் தீனிக்கே சரியாகிவிட்டது.

இவ்விரண்டையும் சேர்த்து எழுதினோம். நல்ல எஞ்சினோடு, சந்தை விலையான 900 ரூபாவுக்கு மீனை விற்கும் உரிமையும் இருந்தால்: முப்பது கிலோவுக்கு 27,000, மண்ணெண்ணெய்க்கு 13,600, பனிக்கட்டி, எஞ்சின் எண்ணெய், சாப்பாட்டுக்கு 2,000 கழிய எஞ்சுவது 11,400. பாதி வள்ளத்துக்கு, பாதி தொழிலாளர் இருவருக்கு என்பது எங்கள் பங்கு முறை. ஆளுக்கு 2,850 ரூபா. பழுதான எஞ்சினோடும் கட்டுப்பட்ட மீனோடும் சென்றால்: மீனுக்கு 24,000, மண்ணெண்ணெய்க்கு 17,000, ஏனையவற்றுக்கு 2,000 கழிய எஞ்சுவது 5,000. ஆளுக்கு 1,250 ரூபா. வள்ளத்தின் பங்கு நூறு நாளில் இரண்டரை இலட்சம். கடனோ மூன்று இலட்சம். எஞ்சின் ஒருநாளேனும் நில்லாமல், ஒரு திருகாணியும் மாற்றாமல் ஓடினாலும் ஒரு பருவத்தில் கடன் தீராது. அதே கடல், அதே மனிதர், அதே முப்பது கிலோ மீன். உழைப்பின் பயன் மட்டும் பாதிக்கும் கீழே போய்விடுகிறது.

கணக்கு முடிந்ததும் நெடுநேரம் யாரும் பேசவில்லை. மிளகாய்த் தோட்டக்காரர் ஒரு வழி சொன்னார்: எஞ்சின் களப்புக்குள் ஓடும் என்று பாஸ் சொல்லியிருக்கிறார், ஆகவே இந்தப் பருவம் வெளிக்கடலை மறந்து களப்பில் நண்டும் இறாலும் பிடிப்போம், உயிருக்கும் ஆபத்தில்லை, எண்ணெய்ச் செலவும் குறைவு. கேட்பதற்கு நல்ல யோசனைதான். நானா அதை ஒப்பவில்லை.

"களப்புல இப்பவே வலைக்கு மேல வலை கெடக்கு. அங்க தொழில் செய்றது எஞ்சின் வாங்க ஏலாத ஆக்கள். நாப்பது குதிரைய ஓட்டிக்கொண்டு போய் அவங்கட வயித்துல கைவைக்கவா இத்தன நாளாச் சீட்டுப் போட்டோம்?" என்றார்.

அடுத்துப் பேசியவர் அதுவரை வாய்திறவாதிருந்த எங்கள் சகோதரி. "சேர், மீனெல்லாம் அவருக்கே போனா நான் எதக் காயப்போடுற?" என்று கேட்டார். எங்கள் கணக்கில் நாங்கள் சேர்த்திராத ஒன்றை அக்கேள்வி சேர்த்தது. மீனைக் கட்டிவைக்கும் நிபந்தனை கடலுக்குப் போகும் இருவரை மட்டும் கட்டுவதில்லை. கரையில் மீனை வாங்கிக் கிழித்து, உப்பிட்டு, வெயிலில் பரப்பி விற்கும் பெண்ணின் தொழிலையும் அது மூடிவிடுகிறது. சீட்டில் அவர் போட்ட பணமே அவர் கையிலிருந்து மீனைப் பறிக்கப் போகிறது!

ஒன்பதாம் நாள் முதலாளியிடம் சென்றோம். எஞ்சினை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், வள்ளத்தையும் வலையையும் மட்டும் தாருங்கள், மூன்று இலட்சம் ரொக்கமாகத் தருகிறோம் என்றோம். அவர் சிரித்துவிட்டு, "எஞ்சினில்லாம வள்ளத்த வித்தா, வள்ளமில்லாம எஞ்சின யார் வாங்குவார்?" என்றார். அவர் பக்கத்தில் அதுவும் நியாயமான கேள்விதான். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டோம்.

திரும்பி வரும் வழியில் நானா சொன்ன வார்த்தைகளை இங்கு அப்படியே எழுதுகின்றோம்: "கணக்கு சரி, சேர். பிழை சொல்ல ஒண்டுமில்ல. ஆனா எனக்கு அறுபத்திநாலு வயசு. இன்னும் எத்தன பருவம் எனக்குக் கெடக்கு?"

முடிவு ஐவரும் கூடி எடுத்த முடிவு. அதில் நானாவின் வாக்கும் இருந்தது. ஆயினும் அம்முடிவின் சுமை ஐவர்மீதும் ஒரே அளவில் விழவில்லை என்பதை மறைப்பது நேர்மையாகாது. ஆசிரியருக்கு மாத இறுதியில் சம்பளம் வரும். அவர் அடுத்த பருவம் வரை காத்திருக்கலாம். தோட்டக்காரருக்கு நிலம் இருக்கிறது, அவரும் காத்திருக்கலாம். இருக்கும் பருவங்களை விரல்விட்டு எண்ணும் ஒரு முதிய தொழிலாளிக்குக் காத்திருப்பது என்பது உயிரிலிருந்து அறுத்துக் கொடுக்கும் ஒன்று. பொருளியல் நூல்களில் நிலம், உழைப்பு, மூலதனம் என்று படிக்கின்றோம். காத்திருக்கும் வசதியையும் மூலதனத்தோடு சேர்த்துப் படிக்கவேண்டும். அவ்வசதி உள்ளவனே நல்ல பொருளைத் தேர்ந்து வாங்குகிறான். இல்லாதவனிடம் பழுதான பொருளும் கடனும் சேர்ந்து வருகின்றன.

அந்த வள்ளம் எங்கே போயிற்று என்பதையும் சொல்லியாக வேண்டும். விடுதிக்காரர் வாங்கவில்லை. எங்களிலும் வறிய ஒரு குடும்பம் அதே நிபந்தனையில் வாங்கியது. தை மாதத்தில் கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் எஞ்சின் இறுகி நின்றது. அயலில் சென்ற வள்ளம் ஒன்று கட்டியிழுத்து வந்ததால் மூவர் உயிரும் தப்பின. எஞ்சினைத் திருத்த முதலாளியே மேலும் முற்பணம் கொடுத்தார். கடன் மூன்று இலட்சத்துக்கு மேலே போயிற்று. எங்கள் கணக்குச் சரியாயிற்று என்று யாரும் மகிழவில்லை. நாங்கள் மறுத்த ஆபத்து இல்லாமற் போய்விடவில்லை. எங்களைவிட மறுக்கும் வலிமை குறைந்தவர்களிடம் அது சென்று சேர்ந்தது.

தனி மனிதர் தீர்மானத்தால் இவ்விவகாரம் தீராது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. வாங்கியவரைப் பேதை என்றோ, விற்றவரைக் கொடியவர் என்றோ கூறிக் கடந்துவிடலாம். ஆனால் அடுத்த பருவத்திலும் அதே வள்ளம் அதே மணலில் விலைக்கு நிற்கும். ஆகவே சிறிது பின்னோக்கிப் பார்ப்பது நல்லது.

1950களில் நம் பகுதிக் கடல்களுக்கு எஞ்சின் வந்தபோது அது மீனவனின் விடுதலை என்றே பேசப்பட்டது. 1952 இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி நோர்வே நாட்டின் உதவி கேரளத்தின் நீண்டகரைக்கு வந்தது. இலங்கையில் 1958 அளவில் மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகளை அரசு தவணைமுறையில் வழங்கத் தொடங்கியது. பின்னர் பைபர் வள்ளங்களும் வெளியிணைப்பு எஞ்சின்களும் கரையெங்கும் பரவின. உற்பத்தி பெருகியது உண்மை. ஆனால் எஞ்சினுக்கு எண்ணெய் வேண்டும், உதிரிப்பாகம் வேண்டும், நின்றுபோனால் உடனே பணம் வேண்டும். அப்பணத்தோடு கரையில் நின்றவர் மீன் வியாபாரி. நீண்டகரையில் இயந்திரப் படகுகள் ஏற்றுமதி இறாலைத் தேடிச் சென்றன. அவற்றிற் பல நாளடைவில் கடலுக்குப் போகாதவர்களின் சொத்தாயின.

இதில் சிந்திக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. எஞ்சினைக் கொண்டுவந்த நோர்வேயில் மீனவர்கள் எஞ்சினை மட்டும் நம்பி வாழவில்லை. 1938 ஆம் ஆண்டிலேயே அவர்கள் ஒரு சட்டத்தைப் போராடிப் பெற்றிருந்தார்கள். கரைக்கு வரும் மீனின் முதல் விற்பனையை மீனவர்களின் சொந்த விற்பனைச் சங்கங்கள் வாயிலாகவே நடத்தவேண்டும், அடிவிலையைச் சங்கமே வைக்கும் என்பது அச்சட்டம். கடன் கொடுத்தவன் மீனுக்கு விலை வைக்க முடியாத நிலை அங்கே உண்டாயிற்று. எஞ்சின் கப்பலேறி நம் கடலுக்கு வந்தது. அச்சட்டம் கப்பலேறவில்லை.

ஆயினும் அதன் பொருளைத் தாமே கண்டுபிடித்தவர்கள் நமக்கு அயலிலும் உளர். திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1980 இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று. அதன் கிராமச் சங்கங்கள் உறுப்பினரின் மீனைக் கரையிலேயே ஏலமிட்டு விற்றன. அன்றன்றைய விற்பனையில் ஒரு வீதத்தைக் கடனுக்கும், ஒரு பகுதியைச் சேமிப்புக்கும் பிடித்துக்கொண்டன. மீன் மிகுந்தால் கடன் விரைவில் தீரும். மீன் இல்லாத நாளில் தவணையும் இல்லை. எஞ்சின்களை வருவித்துக் கொடுத்ததோடு, பழுதுபார்க்கும் பட்டறைகளையும் அக்கூட்டமைப்பு நடத்தியது. எங்கள் கொப்பிக் கணக்கை மாற்றக்கூடியவை இவ்விரண்டும்தான்: மீனை விற்கும் உரிமை தொழிலாளியிடம் இருப்பது, எஞ்சினின் பழுதைத் தனிக் குடும்பத்தின் தலையில் கட்டாமல் பலர் சேர்ந்து தாங்குவது.

நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்டால், சொல்வதற்குச் சிறிதே உண்டு. சீட்டைக் கலைக்கவில்லை. ஐவராயிருந்தவர்கள் இன்று பதினொருவர். அவர்களுள் அந்தப் பழைய வள்ளத்தை வாங்கிய குடும்பமும் ஒன்று. பொதுப் பணத்தில் முதன்முதலாக வாங்கியது ஓர் அமுக்கமானியும், எஞ்சின் கழற்றும் ஆயுதங்களும். கரையில் யார் பழைய எஞ்சினுக்கு விலைபேசினாலும், பணம் கைமாறுவதற்கு முன் அதைக் கொண்டுபோய்ப் பார்க்கிறோம். காசு வாங்குவதில்லை. கயிற்றை இழுத்து முள்ளைப் படித்துச் சொல்பவர் நானா. பாஸ் அவருக்குக் கற்றுக்கொடுத்தார். பார்த்த எஞ்சின்களின் அளவுகளை ஒரு கொப்பியில் எழுதிவைக்கிறோம். பாடசாலையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அவற்றைக் கொண்டு வீதமும் சதவீதமும் செய்கிறார்கள். முப்பது கிலோ மீனின் கணக்கையும் செய்கிறார்கள். தகப்பன் கைக்கு வரும் 1,250 ரூபா எங்கே பாதியாயிற்று என்பதை அவர்கள் தாமே கண்டுபிடிக்கிறார்கள்.

பொதுவான வள்ளம் இன்னும் வாங்கப்படவில்லை. நல்ல எஞ்சினுக்கு வேண்டிய தொகை நெருங்கிவருகிறது. நானா இன்றும் பிறர் வள்ளத்தில்தான் தொழிலுக்குப் போகிறார். காத்திருக்கும் வசதியை அவருக்கும் அவரைப் போன்றோருக்கும் உண்டாக்கித் தருவது சீட்டுப் போட்ட பதினொருவரால் மட்டும் ஆகக்கூடிய காரியம் அன்று. அதற்குச் சங்கம் வேண்டும்; சங்கத்துக்குப் பின்னே சட்டம் வேண்டும். கடற்கரைப் பாடசாலைகளில் கற்பிக்கும் நண்பர்கள் தத்தம் ஊரில் ஒரு வள்ளத்தின் கணக்கையாவது திறந்து பார்க்கட்டும். மீன் யாருடையது என்ற கேள்வி அந்தக் கொப்பியில் எழுதப்பட்டிருக்கும்.